சைரன் கேட்பதற்கு முன்பே வழி விட்டார்கள்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்தும் சிலாங்கூரிலிருந்தும் பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருப்பார்கள். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை எங்கள் சிலிம் ரிவரைத் தாண்டித்தான் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் போகிறது. பண்டிகைக்கு முந்தைய இரண்டு நாள் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். 26 ஆண்டுகள் அதே சாலையில் அரசாங்க ஆம்புலன்ஸ் ஓட்டியவன் நான். ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சாலை நெரிசலில் ஆம்புலன்ஸுக்கு வழி விடுவதைப் பற்றிய இந்தக் கடிதத்தைத் தீபாவளிக்கு முன்பே பிரசுரித்து உதவ வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற மாதம் நானும் மூன்று நண்பர்களும் ஐரோப்பாவுக்குப் போய் வந்தோம். நால்வரும் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்து வரிசையில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒருவர் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மூன்றாமவர் எங்கள் ஊரில் டயர் கடை வைத்திருக்கிறார். மாதம் 200 வெள்ளி வீதம் எட்டு ஆண்டுகள் கூட்டு கட்டிச் சேர்த்த பணத்தில்தான் இந்தப் பயணம். சுற்றுலா நிறுவனத்தோடு பஸ்ஸில் போகலாம் என்று வீட்டில் சொன்னார்கள். நாங்கள் கேட்கவில்லை. சின்ன வயதில் தோட்டத்து லோரியின் பின்னால் தொற்றிக்கொண்டு போனவர்கள் நாங்கள். நாமே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் அந்நாளிலிருந்து எங்கள் ஆசை. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யில் அனைத்துலக ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொண்டு, பிராங்பர்ட் விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுத்தோம்.

கொலோன், ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், லியோன், அப்புறம் மலைக்கு அடியில் குடைந்த மோன் பிளாங் சுரங்கம் வழியாக இத்தாலி, மிலான், வெனிஸ். அங்கிருந்து பிரென்னர் கணவாய் ஏறி ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, திரும்பவும் ஜெர்மனி. இருபத்தொரு நாள். கார் மீட்டரில் 3,846 கிலோமீட்டர். பார்த்த இடங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் உங்கள் பத்திரிகையில் இடம் போதாது. நான் எழுத வந்தது கடைசி நாளைப் பற்றி.

ஆனால் அதற்கு முன் மோன் பிளாங் சுரங்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 11.6 கிலோமீட்டர் நீளம். 1999 மார்ச் 24ஆம் தேதி மாவும் மார்ஜரினும் ஏற்றி வந்த ஒரு லோரி அதற்குள் தீப்பிடித்தது. 39 பேர் இறந்தார்கள். மூன்று ஆண்டுகள் மூடி வைத்துத் திருத்தி அமைத்துவிட்டுத்தான் மறுபடி திறந்தார்கள். இப்போது முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் 150 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் போனபோது எல்லாரும் அந்த இடைவெளியை விட்டுத்தான் ஓட்டினார்கள். நுழைந்து வெளியே வரும் வரை நான் பேசவில்லை. தலைமையாசிரியர் நண்பர், "என்னடா, பயமா?" என்று கேட்டார். பயம் இல்லை. உள்ளே ஏதாவது நடந்தால் ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்று என் மனம் தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. 26 ஆண்டுப் பழக்கம் அப்படி விட்டுப் போகாது.

சரி, கடைசி நாளுக்கு வருகிறேன்.

முந்தைய இரவு பிரைபர்க் என்ற ஊரில் தங்கினோம். கருங்காட்டு மலையின் அடிவாரத்தில் இருக்கும் பழைய ஊர். அங்கே தெருவோரத்தில் சாண் அகலத்துக்குச் சின்ன வாய்க்கால் வெட்டி, அதில் நல்ல தண்ணீர் ஓடவிட்டிருக்கிறார்கள். காலையில் அதைப் பார்த்த தலைமையாசிரியர் நண்பர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை விட்டுப் பார்த்தார். லயத்துக்கு முன்னால் ஓடிய கால்வாயில் நாங்கள் கித்தாக் காயைக் கப்பலாக விட்டு விளையாடிய நாள்கள் அவருக்கு நினைவுக்கு வந்துவிட்டன. மீதமிருந்த நெத்திலிச் சம்பலை ரொட்டியில் தடவி முடித்தோம். மைலோ பாக்கெட் கடைசி நான்கு. எல்லாம் சரியாகத் தீர்ந்தது. பத்து மணிக்குக் கிளம்பினோம். பிராங்பர்ட் 270 கிலோமீட்டர். ஐந்து மணிக்குள் காரை ஒப்படைக்க வேண்டும், இரவு விமானம். கடைசி நாள் நான்தான் ஓட்டுவேன் என்று முதலிலேயே சொல்லி வைத்திருந்தேன்.

ஏ5 என்ற நெடுஞ்சாலை. வலப்பக்கம் கருங்காட்டு மலை கூடவே வரும். இடப்பக்கம் ரைன் ஆற்றுச் சமவெளி, தூரத்தில் பிரான்ஸ் நாட்டு மலை. கார்ல்ஸ்ருஹே நகரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் முன்னால் போன வண்டிகள் எல்லாம் நான்கு பக்க விளக்கையும் ஒளிரவிட்டன. நானும் போட்டேன். வேகம் 120லிருந்து 60, அப்புறம் 20, அப்புறம் நடக்கும் வேகம். மூன்று தடங்கள். அங்கே வலப்பக்கம் ஓட்டுவதால் வேகத் தடம் இடது கோடியில் இருக்கும். நான் நடுத் தடத்தில் இருந்தேன்.

அப்போது நடந்ததை நான் கண்ணால் பார்க்காமல் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இடது தடத்தில் இருந்த கார்கள் ஒவ்வொன்றாக இடப்பக்க இரும்புத் தடுப்போடு ஒட்டிப் போய் நின்றன. எனக்கு முன்னால் இருந்த வெள்ளை வேன் மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது. வலத் தடத்தில் ஒரு பெரிய லோரி, போலந்து நாட்டு நம்பர் பிளேட். அது இன்னும் வலப்பக்கமாக நகர்ந்து, டயர் வெள்ளைக் கோட்டின் மேல் ஏறி நிற்கும் வரை ஒதுங்கிக் கொடுத்தது. அதனால் நடுத் தடத்தில் இருந்த நாங்களும் வலப்பக்கம் ஒதுங்க இடம் கிடைத்தது. ஒரு நிமிடத்தில், இடது தடத்துக்கும் நடுத் தடத்துக்கும் இடையில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை நேராக ஒரு பாதை திறந்துகொண்டது. தலைக்கு நடு வகிடு எடுத்த மாதிரி.

சைரன் கேட்கவில்லை. எந்த விளக்கும் தெரியவில்லை. போலீஸ் யாரும் நின்று கை காட்டவில்லை. யாரும் ஹோன் அடிக்கவில்லை. டயர் கடை நண்பர், "ஏன்டா எல்லாரும் ஒதுங்குறாங்க? என்ன வருது?" என்று கேட்டார். எனக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. ஆனால் வாய் வரவில்லை.

நான்கு நிமிடம் கழித்துக் கண்ணாடியில் நீல விளக்கு தெரிந்தது. முதலில் ஆம்புலன்ஸ். அதன் பின்னால் ஒரு சின்ன கார்; அதில் டாக்டர் வருவார். அந்த நாட்டில் அவசர டாக்டர் பெரும்பாலும் தனி வண்டியில்தான் வருகிறார். அதற்குப் பின்னால் தீயணைப்பு வண்டி. மூன்றும் என் இடப்பக்கக் கண்ணாடிக்கு ஒரு கை தூரத்தில் போயின. வேகத்தைக் குறைக்கவே இல்லை. எங்கள் கார் குலுங்கியது. ஓட்டியவரின் முகத்தை ஒரு கணம் பார்த்தேன். இளைஞர். இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் நேராக முன்னால். அவர் பக்கவாட்டில் பார்க்கவேயில்லை. பார்க்கத் தேவையில்லை. யாரும் நடுவில் மூக்கை நீட்ட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். 26 ஆண்டுகளில் ஒரு நாள்கூட நான் அப்படி ஓட்டியதில்லை, ஐயா. என் கண் எப்போதும் பக்கத்துக் கார்களின் முன்சக்கரத்தில்தான் இருக்கும். எது எப்போது திரும்பும் என்று.

மூன்று வண்டியும் போன பிறகு ஒருவர்கூட அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடவில்லை. பாதையை மூடவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் போலீஸ் கார் போனது. அப்புறம் இழுவை வண்டி. 55 நிமிடம் நின்றோம், 55 நிமிடமும் அந்தப் பாதை திறந்தே இருந்தது. பக்கத்துக் காரில் ஒரு அம்மா பின்னால் இருந்த குழந்தைக்கு ஆப்பிள் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது ஒரு பெரிய காரியமாகவே தெரியவில்லை.

என் நண்பர்கள் மூவரும் என்னைத்தான் பார்த்தார்கள். அவர்களுக்கு என் கதை தெரியும். உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும்.

2009ஆம் ஆண்டு, தீபாவளிக்கு முந்தைய நாள். பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர், வயது 41, நெஞ்சு வலி என்று வந்தார். ஈப்போவுக்கு அனுப்ப வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மனைவியும் ஏறிக்கொண்டார். கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் துணி, ஒரு ஃபிளாஸ்க். மாலை மூன்றரை இருக்கும். தாப்பா வரை ஓரளவு ஓடியது. தாப்பாவைத் தாண்டி கோப்பெங் பக்கம் மலை ஏற ஆரம்பித்ததும் சாலை நின்றுவிட்டது. இரண்டு தடமும் அடைப்பு. சாலையோர அவசரத் தடத்தைப் பார்த்தேன். அதிலும் வரிசையாகக் கார்கள். பண்டிகைக்குச் சீக்கிரம் வீடு போய்ச் சேர வேண்டும் என்று புகுந்தவர்கள். புகுந்த பிறகு அவர்களாலும் நகர முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

சைரன் அலறிக்கொண்டேயிருக்கிறது. ஒலிபெருக்கியில் மலாயிலும் தமிழிலும் கெஞ்சுகிறேன். ஒருவர் ஒதுங்கினால் அடுத்தவர் அந்த இடத்தில் புகுந்துவிடுகிறார். பின்னால் மருத்துவ உதவியாளர் நெஞ்சை அமுக்க ஆரம்பித்துவிட்டார். அவர் எண்ணுவது எனக்குக் கேட்கிறது. அந்தப் பெண் நடுச் சன்னல் வழியாக என்னிடம் கேட்டார்: "அண்ணே, ஏன் நின்னுட்டீங்க?"

ஏழு கிலோமீட்டருக்கு 50 நிமிடம் ஆனது. ஈப்போ போய்ச் சேர்ந்தபோது அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. சீக்கிரம் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த 50 நிமிடம் அவருக்குச் சேர வேண்டியது. அதைப் பறித்தது நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள். கெட்டவர்கள் அல்ல. காரில் முறுக்கு டின்னும் பிள்ளைகளின் புதுத் துணியும் வைத்துக்கொண்டு அப்பா அம்மாவைப் பார்க்கப் போனவர்கள்.

ஜெர்மனியில் அன்று நான் பார்த்தது தானாக வந்த பழக்கம் இல்லை. அது சட்டம். வண்டிகள் நடக்கும் வேகத்துக்குக் குறைந்தவுடனே, ஆம்புலன்ஸ் வந்தாலும் வராவிட்டாலும், நடுவில் வழி விட்டாக வேண்டும். இடது கோடித் தடம் இடப்பக்கம் ஒதுங்கும், மற்ற தடங்கள் எல்லாம் வலப்பக்கம் ஒதுங்கும். அவ்வளவுதான் விதி, ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். விடாதவருக்குக் குறைந்தது 200 யூரோ அபராதம், உரிமத்தில் 2 புள்ளி, ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடை. 2020இல் இப்படிக் கடுமையாக்கினார்கள். ஆஸ்திரியாவில் 2012லிருந்தும் சுவிட்சர்லாந்தில் 2021லிருந்தும் இது சட்டமாக இருக்கிறது. அதாவது பக்கத்து நாட்டைப் பார்த்து ஒவ்வொருவராகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். நாமும் கற்றுக்கொள்ளலாம்.

"நமக்குத்தான் அவசரத் தடம் இருக்கிறதே, அதை ஒழுங்காகக் காலியாக விட்டால் போதாதா?" என்று கேட்பார்கள். அதைக் காலியாக விட வேண்டும், அதில் இரண்டாம் பேச்சே இல்லை. அதில் புகுந்து ஓட்டுவது நம் நாட்டிலும் குற்றம்தான். ஆனால் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது மட்டும் போதாது. பழுதான லோரி எங்கே நிற்கும்? அவசரத் தடத்தில். மழை பெய்தால் மோட்டார் சைக்கிள்காரர்கள் எங்கே ஒதுங்குவார்கள்? பாலத்துக்கு அடியில், அதே அவசரத் தடத்தில். பாவம், அவர்களுக்கு வேறு இடமும் இல்லை. இருட்டில், மழையில், 90இல் வரும்போது பாலத்தடியில் இருபது மோட்டார் நிற்பதைப் பார்த்து எத்தனையோ முறை பிரேக்கை அமுக்கியிருக்கிறேன். இதற்கு மேல், பண்டிகைக் காலத்தில் நெரிசலைக் குறைக்கச் சில இடங்களில் அவசரத் தடத்தையே எல்லா வண்டிகளுக்கும் திறந்துவிடுகிறார்கள். காரணம் புரிகிறது. ஆனால் அந்த நேரத்தில் ஆம்புலன்ஸுக்கு எந்தத் தடம்? நடுவில் வழி திறக்கும் பழக்கம் இருந்தால்தான் இதற்குப் பதில் உண்டு.

நம் ஊருக்கு இதைத் திருப்பிப் போட வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். சிலிம் ரிவரிலிருந்து ஈப்போ வரை பெரும்பாலும் ஒரு திசைக்கு இரண்டு தடம். வலத் தடத்தில் இருப்பவர் வலப்பக்கத் தடுப்போடு ஒட்டி நிற்க வேண்டும். இடத் தடத்தில் இருப்பவர் இடப்பக்க வெள்ளைக் கோட்டில் டயரை வைத்து நிற்க வேண்டும். நடுவில் ஆம்புலன்ஸ் போகும். மூன்று தடம் உள்ள இடத்தில் வலது கோடித் தடம் மட்டும் வலப்பக்கம். மற்ற இரண்டும் இடப்பக்கம். ஆம்புலன்ஸ் போன பிறகும் மூடக் கூடாது. இரண்டாவது வண்டி பின்னால் வரும். இதை மறந்துவிடாதீர்கள். முதல் ஆம்புலன்ஸுக்கு ஒதுங்கிவிட்டு உடனே பாதையை மூடியவர்களால்தான் எனக்கு அதிகக் கஷ்டம் வந்திருக்கிறது.

சட்டம் வர நாளாகும். சாலைப் போக்குவரத்துத் துறைக்கும் நெடுஞ்சாலை வாரியத்துக்கும் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறேன். புதிதாக உரிமம் எடுப்பவர்களுக்கான வகுப்பில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால்கூடப் போதும். நெடுஞ்சாலையில் மின் அறிவிப்புப் பலகைகள் இருக்கின்றன. நெரிசல் நேரத்தில் அதில் ஒரே ஒரு வரி போடலாம். ஆனால் வழி விடுவதற்குச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜாலான் ராயாவில் கோயில் தேர் வரும்போது யார் சொல்லி நாம் இரு பக்கமும் ஒதுங்குகிறோம்? தேருக்குச் செய்வதை உயிருக்கும் செய்யலாம்.

அன்று ஏ5 சாலையில் கடைசியில் வண்டிகள் நகர்ந்தபோது விபத்து நடந்த இடத்தைத் தாண்டினோம். சாலையோரம் கூட்டிக் குவித்த கண்ணாடித் தூள், நசுங்கிய ஒரு கேரவன், பக்கத்தில் மடித்து வைத்த ஒரு சாம்பல் நிறப் போர்வை. ஆம்புலன்ஸ் ஏற்கெனவே போய்விட்டது. அந்த ஆள் யார், பிழைத்தாரா, எனக்குத் தெரியாது. சாலையில் அவருடைய நேரம் ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை என்பது மட்டும் தெரியும். அடுத்து வந்த ஓய்விடத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கிக் கொஞ்ச நேரம் தனியாக நின்றேன். மீதி தூரத்தைத் தொழிற்சாலை நண்பர்தான் ஓட்டினார். நாலே முக்காலுக்குக் காரை ஒப்படைத்தோம். ஒரு கீறல் இல்லை.

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிறு, பசாரில், 2009இல் என் ஆம்புலன்ஸில் கணவரோடு வந்த அந்தப் பெண்மணியைப் பார்த்தேன். இப்போது மகளோடு இருக்கிறார், மூன்று பேரப்பிள்ளைகள். இத்தனை ஆண்டுகளில் எங்கே பார்த்தாலும் நின்று இரண்டு வார்த்தை பேசுவார். என்மேல் அவருக்குக் கோபம் இருந்ததே இல்லை. அவரிடம் ஏ5 சாலையைப் பற்றிச் சொன்னேன். கீரைக் கட்டைக் கையில் வைத்தபடியே முழுவதையும் கேட்டார். "சத்தம் வர்றதுக்கு முன்னாடியேவா?" என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம் என்றேன். "இங்கயும் செய்யச் சொல்லுங்கண்ணே" என்றார்.

அன்று இரவே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். டயர் கடை நண்பர் தன் செலவில் ஆயிரம் ஸ்டிக்கர் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறார். காரின் பின்கண்ணாடியில் ஒட்டுவதற்கு. மலாயிலும் தமிழிலும் இருக்கும். வாசகத்தைத் தலைமையாசிரியர் நண்பர் எழுதினார்: "நெரிசலா? நடுவில் வழி விடுங்கள்." தொழிற்சாலை நண்பர் அதற்கு மேல் இரண்டு தடமும் நடுவில் ஒரு ஆம்புலன்ஸும் வரைந்து கொடுத்தார். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே தயாராகிவிடும். சிலிம் ரிவர் பக்கம் வருகிறவர்கள் யாரைக் கேட்டாலும் கடையைக் காட்டுவார்கள். காசு வேண்டாம். எடுத்துக்கொண்டு போய் ஒட்டுங்கள். அக்கம்பக்கத்தாருக்கும் ரெண்டு கொடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்,
சிலிம் ரிவர், பேராக்